பேண்டில் ஆள் குறையும்போதும் காதல் நுழையும்போதும்: வார இறுதி பேண்டுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2013-ல் கோவை பீளமேட்டில், எங்கள் கிட்டாரிஸ்ட் வீட்டு மொட்டைமாடியில் இருந்த ஒற்றை அறையில் ஐந்து பேர் சேர்ந்து ஆரம்பித்தது எங்கள் பேண்டு. நான் கீபோர்டு. யாரும் இதை வைத்துச் சோறு தின்கிறவர்கள் இல்லை. இரண்டு பேர் ஐ.டி., ஒருவர் பம்ப் கம்பெனியில் டிசைன், பாடுகிறவள் அப்போது பி.எட். படித்துக்கொண்டிருந்தாள், நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சனிக்கிழமை சாயங்காலம் மூன்று மணி நேரம், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் பதினோரு பேர் எங்களோடு வாசித்திருக்கிறார்கள், ஆரம்பித்த ஐந்து பேரில் இன்று மிச்சம் இருப்பது நானும் டிரம்மரும் மட்டும். போனவர்களில் ஒருவர்கூட வாசிக்கத் தெரியாமல் போகவில்லை. பெங்களூருக்கு மாற்றல், கல்யாணம், நைட் ஷிஃப்ட், மனஸ்தாபம், காதல், இவைதான் காரணங்கள்.

2016-ல் எங்கள் பாடகியும் கிட்டாரிஸ்டும் காதலித்து, ஒரு கல்லூரி கல்ச்சுரல்ஸ் நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிரிந்தார்கள். அவள் ப்ராக்டிஸுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மற்ற மூன்று பேரும் உடனே உட்கார்ந்து பேசினோம், எதைப் பற்றி என்றால், யார் பாடுவது என்று. நான்கே நாளில் வேறு ஆள் பிடித்தோம், நிகழ்ச்சி நன்றாக நடந்தது, அதில் எங்களுக்குப் பெருமைகூட இருந்தது. அவளை நாங்கள் வெளியே அனுப்பவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். அனுப்பவில்லைதான், ஆனால் ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் போன் செய்து கேட்கவும் இல்லை.

எங்களுக்கு நடந்த சேதம் எல்லாமே இந்த மாதிரிதான், பேச வேண்டியதைப் பேச வேண்டியவரிடம் பேசாமல் தள்ளிப்போட்டதால் நடந்தது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி யாரிடம், எப்போது, எப்படிப் பேசுவது என்பதுதான்.

1. சண்டை இல்லாத நாளில் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்

நண்பர்களுக்குள் எதற்கு எழுத்து என்று தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. ஆனால் கோபத்தில் இருக்கும்போது யாராலும் நியாயமாக எழுத முடியாது, அதனால் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு நாளில் டீ குடித்துக்கொண்டே ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

அதில் முதலில் பணம். நாங்கள் பொதுவில் வாங்கிய மிக்ஸர் 15,000 ரூபாய், ஆளுக்கு 3,000. வருஷத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு தேய்மானம் என்று வைத்துக்கொண்டோம், எனவே இரண்டு வருஷம் கழித்துப் போனவருக்கு 1,800 திருப்பிக் கொடுத்தோம், பேச்சே இல்லாமல் முடிந்தது. அப்புறம் பேண்டின் பெயர் யாருக்கு, இன்ஸ்டாகிராம், யூடியூப் பாஸ்வேர்டு யாரிடம் (இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்), விலகுவதென்றால் எத்தனை வாரம் முன்னால் சொல்ல வேண்டும். நாங்கள் ஆறு வாரம் என்றும், தேதி குறித்த நிகழ்ச்சி இருந்தால் அது முடிகிற வரை என்றும் வைத்திருக்கிறோம்.

சொந்தப் பாட்டு வைத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி மெட்டுப் போட்டவர் இசைக்கு ஆசிரியர், வரி எழுதியவர் வரிக்கு ஆசிரியர், இரண்டும் தனித்தனி உரிமை, அவர்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் நீடிக்கும். இருவர் சேர்ந்து, யாருடையது எது என்று பிரிக்க முடியாதபடி மெட்டு அமைத்திருந்தால் இருவருமே ஆசிரியர்கள். இந்த உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும், “அதெல்லாம் பேண்டுக்குத்தான்டா” என்று வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. எனவே ஒவ்வொரு பாட்டுக்கும் மெட்டு யார், வரி யார் என்று தேதியோடு எழுதி வையுங்கள், போனவர் மெட்டை பேண்டு தொடர்ந்து வாசிக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன், எங்கள் பேப்பரில் 2017-ல்தான் சேர்த்தோம். ஒன்று, பேண்டுக்குள் இருவருக்குள் ஏதாவது நிலைத்தால், வெளியார் சொல்லி மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன் அவர்களே சொல்லிவிடுவார்கள். இரண்டு, அவர்கள் பிரிந்தால் அதற்காக மட்டும் யாரும் பேண்டை விட்டுப் போக வேண்டியதில்லை.

2. பிரச்சினை என்ன என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

“அவன் சரியா வரமாட்டேங்கிறான்” என்பதற்குள் நான்கு வேறு விஷயங்கள் இருக்கலாம். நேரம் இல்லை, வாசிப்பு எட்டவில்லை, ரசனை வேறு, அல்லது மனதில் ஏதோ இருக்கிறது. நான்குக்கும் மருந்து வேறு வேறு. ஆறு ப்ராக்டிஸுக்கு ஒரு சின்னக் குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள், யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், கொடுத்த பாட்டைத் தயார் செய்திருந்தாரா என்று. குற்றப்பத்திரிகை படிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. கோபம் வந்துவிட்டால் ஒரு தடவை லேட் ஆனதே பத்து தடவை போலத் தெரியும், குறிப்பு இருந்தால் அது தெளியும்.

எங்கள் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர் தொடர்ந்து நாற்பது நிமிஷம் தாமதமாக வந்துகொண்டிருந்தார். அக்கறை இல்லை என்றே நினைத்தோம். கேட்டபோதுதான் தெரிந்தது, அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிஸிஸ், சனிக்கிழமை அதில் ஒன்று, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறார். ப்ராக்டிஸை ஞாயிறு காலைக்கு மாற்றினோம், அவ்வளவுதான், பிரச்சினை தீர்ந்தது. மூன்று மாதம் நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் முணுமுணுத்தது எத்தனை அநியாயம் என்று இன்றும் உறுத்துகிறது.

நேரம்தான் பிரச்சினை என்றால் அட்டவணையை மாற்றுங்கள், வாரம் ஒன்றை மாதம் இரண்டாக்குங்கள். வாசிப்பு எட்டவில்லை என்றால் எந்தப் பாட்டில் எந்த இடம் என்று குறிப்பாகச் சொல்லி மெட்ரோனோமோடு (வேகம் காட்டும் தாளக் கருவி) மெதுவாக ஆரம்பித்துத் தனியாக ஒருவர் உட்கார்ந்து உதவுங்கள், ஒரு மாதத்தில் எவ்வளவோ மாறும். ரசனை வேறு என்றால் அதற்கு மருந்து கிடையாது, இரண்டு பாட்டு அவருக்காக வைக்கலாம், அதுவும் போதவில்லை என்றால் அவருக்கு வேறு பேண்டு தேவை. மனதில் ஏதோ இருக்கிறது என்றால் அவரிடமே தனியாகக் கேளுங்கள், அது காதல் என்றால் கீழே ஆறாவது படியிலிருந்து படியுங்கள்.

3. காலியான இடம் எது என்பதைப் பொறுத்தே வைத்தியம்

கிட்டார் வாசிக்கிறவர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். டிரம்மர் கிடைப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அபார்ட்மெண்டில் டிரம் கிட் வைத்துப் பழகவே முடியாது, பக்கத்து வீட்டுக்காரர்கள் விட மாட்டார்கள். அதனால் நல்ல டிரம்மர் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேண்டில் இருப்பார், இதைத் துரோகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த பேண்டு முதலில் தேதி உறுதி செய்ததோ அதற்கே முன்னுரிமை என்ற ஒரு விதி போதும். டிரம்மர் போய்விட்டால் கஹோன் (மேலே உட்கார்ந்து கையால் தட்டும் பெட்டி வாத்தியம்) வைத்து அகௌஸ்டிக் செட் ஒன்று தயார் செய்யுங்கள், எட்டுப் பாட்டு இருந்தால் கஃபேயில் வாசிக்கலாம். காதில் தாளம் தட்டும் கிளிக் டிராக்கோடு, பதிவு செய்த டிரம் லூப் போட்டு வாசிப்பதும் ஒரு வழி, ஆனால் மற்ற எல்லோரும் தாளத்தில் கெட்டியாக இருந்தால் மட்டும்.

பேஸ் இல்லையா? இரண்டு கிட்டாரிஸ்ட் இருந்தால் ஒருவர் மாறலாம், பேஸின் நான்கு கம்பிகளும் கிட்டாரின் மேல் நான்கு தடித்த கம்பிகளின் அதே ஸ்வரங்கள்தான், ஒரு ஸ்தாயி கீழே. ஆனால் “நீ கிட்டார் சுமார்தான், பேஸ் எடு” என்ற தொனியில் கேட்டால் அந்த ஆள் ஆறு மாதத்தில் போய்விடுவார். பாட்டுக்குப் பாட்டு இருவரும் மாற்றி மாற்றி வாசியுங்கள். கீபோர்டு இருந்தால் இடது கையில் பேஸ் வாசிக்கலாம், அமெரிக்காவின் தி டோர்ஸ் குழுவில் ரே மன்சாரெக் மேடையில் அப்படித்தான் செய்தார், அவர்களுக்குத் தனி பேஸ் ஆளே இல்லை. எட்டு மாதம் நான் அப்படி வாசித்திருக்கிறேன், இடது கைக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்கு அமைந்ததில்லை.

பாடுகிறவர் போவதுதான் உண்மையில் பெரிய இடி, பாட்டுகளின் சுருதியே மாறிவிடும் என்பதால். சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், ஒரு கட்டை சி, ஒன்றரை சி ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப். பொதுவாக ஆண் குரல் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் நிற்கும், பெண் குரல் நாலரையிலிருந்து ஆறு கட்டை வரை. எங்கள் பாடகிக்கு ஐந்தரை, அவளுக்குப் பிறகு வந்தவருக்கு ஒன்றரை. கீபோர்டுக்குச் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, கிட்டாரின் கழுத்தில் மாட்டிச் சுருதி ஏற்றும் கேப்போ இருக்கிறது (ஐந்தரைக்கு ஜி வடிவத்தைப் பிடித்து முதல் ஃப்ரெட்டில் கேப்போ, ஒன்றரைக்கு சி வடிவத்தைப் பிடித்து அதே முதல் ஃப்ரெட்டில்), ஆனால் பேஸ் வாசிக்கிறவர் விரல் இடங்களைப் புதிதாகக் கற்க வேண்டும், லீட் கிட்டாரில் போட்டு வைத்த சோலோக்களும் உட்காராது. புதுப் பாடகர் வந்ததும் பத்துப் பாட்டையும் மாற்றுகிறேன் என்று இறங்காமல், முதல் மூன்று ப்ராக்டிஸை சுருதி பார்ப்பதற்கென்றே ஒதுக்கி நான்கு பாட்டை மட்டும் கெட்டியாக்குங்கள். பழைய ஆள் மாதிரியே பாடச் சொல்லிக் கேட்பது புதியவருக்குச் செய்கிற கொடுமை, தயவுசெய்து வேண்டாம்.

4. எல்லாப் பாட்டும் ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் கிட்டார், கீபோர்டுக்கான கார்டுகள் (chords), சுருதி, வேகம், பாட்டின் அமைப்பு, கடைசியாக வாசித்ததன் போன் ரெக்கார்டிங், இவை டிரைவில் ஒரு ஃபோல்டரில் இருந்தால் புதிதாக வருகிறவர் இரண்டு வாரத்தில் தயாராகிவிடுவார். ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால் அவர் போகும்போது பாட்டும் போய்விடும். ஒவ்வொரு இடத்துக்கும் அவசரத்துக்குக் கூப்பிடக்கூடிய ஒரு சப் ஆளைப் பிரச்சினை வருவதற்கு முன்பே தெரிந்து வையுங்கள், அவருக்கு வண்டிச் செலவாவது கொடுங்கள், சாப்பாடு வாங்கிக் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள்.

5. ஒருவரைப் போகச் சொல்ல வேண்டிய நிலை வந்தால்

1962 ஆகஸ்ட் 16 அன்று இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் பீட் பெஸ்ட்டைக் கூப்பிட்டு நீக்கிவிட்ட செய்தியைச் சொன்னது மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன். இரண்டு வருஷம் ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலும் சொந்த ஊர் லிவர்பூலிலும் ராத்திரி ராத்திரியாகச் சேர்ந்து வாசித்த மூன்று பேரும் அந்த அறையில் இல்லை. அவருக்குப் பதில் வந்த ரிங்கோ ஸ்டார் எவ்வளவு பொருத்தமானவர் என்பது உலகத்துக்கே தெரியும், முடிவு இசைக்கு நல்லதுதான். ஆனாலும் அறுபது வருஷம் தாண்டி இன்னும் அந்தக் கதையில் உறுத்துவது, நேரில் சொல்ல அந்த மூவரில் யாரும் வரவில்லை என்பதுதான்.

எனவே வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லாதீர்கள். அவரை விட்டுவிட்டுப் புதுக் குரூப் ஆரம்பிப்பது அதைவிட மோசம், எங்கள் ஊரில் மூன்று பேண்டுகளாவது அப்படிச் செய்து நட்பையே தொலைத்திருக்கின்றன. ஜாம் ரூமில் (ப்ராக்டிஸ் அறையில்) வாத்தியத்தோடு உட்கார்ந்திருக்கும்போது சொல்லாதீர்கள், அப்புறம் அவர் எல்லோர் முன்னாலும் கேபிளைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும். இரண்டு பேர் போங்கள், நான்கு பேர் போனால் பஞ்சாயத்து மாதிரி ஆகிவிடும். டீக்கடையில் பேசலாம், அவர் வீட்டு ஆட்கள் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

எப்படி ஆரம்பிப்பது? நாங்கள் எங்களைவிட வயதில் மூத்த ஒருவரிடம் சொன்னது கிட்டத்தட்ட இப்படி: “அண்ணா, சுத்தி வளைக்காம சொல்லிடறேனுங்க. அடுத்த நிகழ்ச்சியிலிருந்து வேற ஆளோட போகலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். மூணு பாட்டுல வேகம் நிக்கலைங்கறது உங்களுக்கும் தெரியும், ஜூன் மாசம் பேசினோம், ஆனா சரியாகலை. இதை நாங்களே வந்து சொல்லணும்னுதான் வந்தோம்.” அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். அவர் கோபப்படுவார், பட்டுக்கொள்ளட்டும். “யோசிச்சுச் சொல்றோம்” என்று பின்வாங்கி நம்பிக்கை கொடுத்துவிட்டு மறுவாரம் அதையே திரும்பச் சொல்வது இரட்டைத் தண்டனை. ஜூன் மாசம் பேசினோம் என்பதைக் கவனித்தீர்களா, முன்கூட்டி ஒரு தடவை எச்சரிக்காமல் யாரையும் நீக்கக் கூடாது.

6. உங்களுக்கே பேண்டில் ஒருவர்மேல் ஆசை வந்துவிட்டால்

வரும். வாரா வாரம் சந்திக்கிறோம், ஒரே தாளத்தில் மூச்சு விடுகிறோம், ஒருவர் தப்பாக வாசித்தால் இன்னொருவர் கண்ணாலேயே தாங்கிப் பிடிக்கிறோம், இதில் மனசு சாய்வதில் ஆச்சரியமே இல்லை. குற்ற உணர்ச்சி தேவையில்லை. ஆனால் ஒன்றை நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், ப்ராக்டிஸ் இல்லாத செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேலைக்கு நடுவிலும் அந்த ஆளை நினைக்கிறீர்களா, அல்லது மேடையிலிருந்து இறங்கிய அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் நினைக்கிறீர்களா? மேடைச் சூடு என்று ஒன்று உண்டு, அதில் எல்லோருமே அழகாகத் தெரிவார்கள். இரண்டு மாதம் பொறுங்கள். அப்புறமும் செவ்வாய்க்கிழமை நினைப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். ஜாம் ரூமுக்கு வெளியே, அடுத்த நிகழ்ச்சிக்குக் குறைந்தது ஒரு மாதம் இருக்கும்போது, அந்த ஆள் எழுந்து தன் வண்டியில் தானே கிளம்பிப் போகக்கூடிய இடத்தில் சொல்லுங்கள். நீங்கள்தான் அவரை வீட்டில் இறக்கிவிடுகிறீர்கள் என்றால் அன்றைக்குச் சொல்லவே கூடாது, பதில் சொல்ல முடியாமல் உங்கள் பின்னால் உட்கார்ந்து வர வேண்டியிருக்கும். பாட்டு மூலமாகச் சொல்வது, மேடையில் “இது ஒரு ஸ்பெஷலான ஆளுக்கு” என்று மைக்கில் சொல்வது, டிரம்மரைத் தூது அனுப்புவது, எதுவும் வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் கேட்டால் அது கேள்வியாக இல்லாமல் நெருக்கடியாகிவிடும். “எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. இல்லைன்னு சொன்னாலும் அடுத்த சனிக்கிழமை நான் வழக்கம்போல வருவேன், நீயும் வரணும்,” இவ்வளவு போதும்.

2018-ல் நான் இதைச் செய்திருக்கிறேன். அப்போதிருந்த பேஸ் வாசிக்கிறவரிடம் ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் வைத்துச் சொன்னேன், அவர் இல்லை என்றார். அடுத்த நான்கு ப்ராக்டிஸ் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அவர் பக்கம் திரும்பாமல் இருக்க என் கீபோர்டு ஸ்டாண்டைச் சற்றுத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். ஐந்தாவது வாரத்தில் மறந்துபோய் பழையபடி போட்டேன். அவர் கல்யாணத்தில் நாங்கள்தான் வாசித்தோம்.

7. உங்களிடம் ஒருவர் சொல்லி, உங்களுக்கு விருப்பம் இல்லை என்றால்

நம் பெண்களில் பலர் இந்த இடத்தில் “அண்ணா” என்ற சொல்லைக் கேடயமாக எடுப்போம். பையன் ஏதோ சொல்ல வருகிறான் என்று தெரிந்ததும் மூன்று வாக்கியத்துக்கு ஒரு அண்ணா. எனக்குப் புரிகிறது, நேராக மறுத்தால் என்ன ஆகுமோ என்ற பயம் அது. ஆனால் அவன் அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பிருக்கிறது, பாதிப் பதில் ஆறு மாதம் இழுக்கும். “எனக்கு அந்த எண்ணம் இல்லை. யோசிச்சுப் பதில் மாத்தப் போறதும் இல்லை. பேண்டுல சேர்ந்து வாசிக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு, அது அப்படியே இருக்கட்டும்” என்று முழுசாகச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, காரணம் சொன்னால் அவர் அதைச் சரிசெய்யக் கிளம்பிவிடுவார். ஒரு மாதத்துக்குத் தனியாக வண்டியில் போவது, ராத்திரி பாட்டு அனுப்பிக்கொள்வது எல்லாம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இல்லை என்று சொன்ன பிறகும் ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டால், வீட்டுப் பக்கம் வந்து நின்றால், ராத்திரி மெசேஜ் போட்டுக்கொண்டே இருந்தால், அது காதல் விவகாரம் என்ற கணக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது, சமரசம் பேசுகிற வேலையை பேண்டு எடுத்துக்கொள்ளவே கூடாது. அந்த ஆளை அன்றைக்கே விலக்குங்கள், எவ்வளவு நல்ல வாத்தியக்காரராக இருந்தாலும் சரி. கல்லூரி பேண்டு என்றால் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 விதிகள் அதைக் கட்டாயமாக்குகின்றன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தின் பேண்டு என்றால் 2013-ம் வருஷத்துப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அங்கேயும் குழு இருக்க வேண்டும். மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள்.

8. மற்ற மூன்று பேர் செய்ய வேண்டியது

நான் பார்த்தவரை பாதி காதல்களைக் கெடுப்பது மற்ற மூன்று பேர்தான். ஓட்டாதீர்கள். “அண்ணி வந்தாச்சு” என்று கத்துவது, இருவரையும் வேண்டுமென்றே டூயட்டில் சேர்ப்பது, போட்டோ எடுக்கும்போது பக்கத்தில் தள்ளுவது, இதெல்லாம் உங்களுக்கு ஐந்து நிமிஷச் சிரிப்பு. அந்தப் பெண் ப்ராக்டிஸுக்கு வர வீட்டில் எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறாள் என்று யோசியுங்கள். என் வீட்டிலும் அப்படித்தான், எட்டரைக்குள் வந்துவிடுவேன், இன்னார் இன்னார் இருப்பார்கள், கதவு திறந்திருக்கும் என்றெல்லாம் சொல்லித்தான் முதல் இரண்டு வருஷம் போனேன். ஒரு கேலி கமெண்ட் ஃபேஸ்புக்கில் ஏறி அதை ஒரு சித்தப்பா பார்த்துவிட்டால் முதலில் நிற்பது அவள் பாட்டுதான், பையனுக்கு ஒன்றும் ஆகாது. சாதி வேறு, மதம் வேறு என்றால் இன்னும் மோசம், ஆபத்தாகக்கூட முடியும். அவர்கள் சொல்லாமல் அவர்கள் விஷயம் உங்கள் வாயிலிருந்து வெளியே போகக் கூடாது, உங்கள் மனைவியிடம்கூட.

தூதும் போகாதீர்கள். “அவ என்ன சொன்னா?” என்று கேட்டால் “அவகிட்டயே கேளு” என்பதோடு நிறுத்துங்கள்.

9. இருவரும் சேர்ந்துவிட்டார்கள், இப்போது?

நல்ல விஷயம், சந்தோஷப்படுங்கள். ஆனால் ஐந்து பேர் பேண்டில் இருவர் ஜோடியானால் ஓட்டுக் கணக்கு மாறுகிறது, செட் லிஸ்ட் (வாசிக்கப் போகும் பாட்டுகளின் பட்டியல்) முதல் நாள் ராத்திரியே வீட்டில் முடிவாகி வந்தால் மற்ற மூவர் வெறும் வாத்தியக்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஜோடிகளுக்கு என் வேண்டுகோள் இது: பேண்டு முடிவுகளைப் படுக்கையறையில் எடுக்காதீர்கள், ஒருவர் வரமுடியாவிட்டால் மற்றவர் கட்டாயம் வாருங்கள், மாதத்தில் ஒரு விஷயத்திலாவது எல்லோர் முன்னாலும் ஒருவரோடு ஒருவர் உடன்படாமல் இருக்கத் துணியுங்கள். உங்கள் சண்டையை வண்டியிலேயே விட்டுவிட்டு வாருங்கள், முடியவில்லை என்றால் “இன்னிக்கு எங்களுக்குள்ள சரியில்லை, ஒரு மணி நேரம் இன்ஸ்ட்ருமென்டல் மட்டும் பார்க்கலாமா” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். மூன்று பேரும் புரிந்துகொள்வார்கள், அந்த இறுக்கத்தை எதுவும் தெரியாத மாதிரி நடித்துத் தாங்குவதுதான் அவர்களால் முடியாது.

10. பிரிந்துவிட்டார்கள்

யாராவது உடனே ஃப்ளீட்வுட் மேக் குழுவைச் சொல்வார்கள், 1977-ல் வந்த அவர்களின் ரூமர்ஸ் ஆல்பம் பதிவாகும்போது குழுவுக்குள் ஒரு ஜோடி விவாகரத்தில், இன்னொரு ஜோடி பிரிவில் இருந்தது. ஸ்வீடனின் அப்பா (ABBA) குழுவில் இரண்டு தம்பதிகளும் அடுத்தடுத்து விவாகரத்து வாங்கிய பிறகும் பதிவு செய்தார்கள். அமெரிக்காவின் இருவர் குழுவான தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 2000-ல் விவாகரத்து வாங்கிய பிறகும் தொடர்ந்து, 2011-ல்தான் குழுவைக் கலைத்தார்கள். உண்மைதான், ஆனால் அவர்களுக்கு அது தொழில், ஒப்பந்தமும் ஊர் ஊராகக் குறித்த தேதிகளும் பிடித்து நிறுத்தின. நம்மைப் பிடித்து நிறுத்த சனிக்கிழமை சாயங்காலம் மட்டுமே இருக்கிறது, அதற்கு வராமல் இருப்பது ரொம்பச் சுலபம்.

அதனால் முதல் 48 மணி நேரத்துக்குள் பேண்டிலிருந்து ஒருவர் இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். மெசேஜ் போதாது. “என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல. உன் இடம் உனக்கு இருக்கு. கொஞ்ச நாள் வேணும்னா எடுத்துக்கோ, எத்தனை நாள்னு மட்டும் சொல்லு.” இதை இருவரிடமும் ஒரே வார்த்தைகளில் சொல்ல வேண்டும். 2016-ல் நாங்கள் செய்யத் தவறியது இந்த ஒரு போன்கால்தான்.

பிறகு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள், பெரிய நிகழ்ச்சி இருந்தால் ஒழிய. இருந்தால், யார் வாசிக்க முடியும் என்பதை அவர்களே சொல்லட்டும், முடியாதவருக்குச் சப் போடுங்கள், அது அந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் என்று சப்பிடமும் சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது அறையில் இருவரையும் எதிரெதிரே நிற்க வைக்காதீர்கள், டிரம்ஸுக்கு இரண்டு பக்கமும் நிற்கட்டும். டூயட்டுகளை ஆறு மாதம் எடுத்து வைத்துவிடுங்கள், அல்லது சுருதி மாற்றி ஒருவரே பாடும் மாதிரி அமையுங்கள். ஒருவர் எழுதி மற்றவரைப் பற்றியது என்று எல்லோருக்கும் தெரிந்த பாட்டு இருந்தால், அதைத் தொடரலாமா என்று மற்றவரிடம் கேட்டுவிட்டுத்தான் வாசிக்க வேண்டும்.

மூன்று மாதம் பார்த்தும் ஒரே அறையில் முடியவில்லை என்றால் ஒருவர் போகத்தான் வேண்டும், அது யார்? பெரும்பாலும் பெண்தான் போகிறாள், புதிதாக வந்தவர்தான் போகிறார், ஜாம் ரூம் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் தங்கிவிடுகிறார். எங்கள் கதையில் மொட்டைமாடி கிட்டாரிஸ்டுடையது, அவள் எப்படி அந்த மாடிப்படி ஏறி வருவாள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. குறைந்தபட்சம் இடத்தையாவது மாற்றுங்கள். மணிக்கு நானூறோ ஐந்நூறோ கொடுத்துப் பொதுவான ஜாம் ரூம் எடுங்கள், மூன்று மணி நேரத்தை ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு முந்நூறு ரூபாயைத் தாண்டாது.

11. போனவர்களோடு தொடர்பு

பழைய வீடியோக்களை அழிக்காதீர்கள், போனவர் தன் முகம் வேண்டாம் என்று கேட்டால் ஒழிய. அவர் வாசித்த பதிவில் அவர் பெயர் இருக்கட்டும். புதிதாக வந்தவரிடம் பழைய ஆளைப் பற்றி மட்டமாகப் பேசாதீர்கள், நாளைக்குத் தன்னைப் பற்றியும் இப்படித்தான் பேசுவார்கள் என்று அவர் அன்றைக்கே முடிவு செய்துவிடுவார். தாமதமாகிவிட்டது என்று தயங்கிப் பேசாமலும் இருக்காதீர்கள்.

போன வருஷம், எட்டு வருஷம் கழித்து, நான் எங்கள் பழைய பாடகிக்குப் போன் செய்தேன். பொள்ளாச்சியில் டீச்சராக இருக்கிறாள், ஒரு பையன். 2016 பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “அக்கா, அந்த நம்ம பாட்டு இன்னும் வாசிக்கறீங்களா? எந்தக் கட்டைல?” என்றாள். இப்போது பாடுகிற பெண்ணுக்கு நாலரை என்றேன். “நாலரையா, அது எனக்கு ரொம்பக் கீழங்க” என்றாள். அடுத்த மாதம் பையனைக் கூட்டிக்கொண்டு ஜாம் ரூமுக்கு வந்தாள், நான் டிரான்ஸ்போஸில் இரண்டு ஏற்றி வைத்தேன்.